நம்பரில மட்டும் கை வைக்கமாட்டன்

பழைய துவக்குகளுக்குப் புது மெருகு போடும் தொழிலில் இருப்பவர்களுக்கு இரண்டு எதிரிகள்: ஒன்று துரு, மற்றது துருவோடு சேர்த்து எல்லாவற்றையும் தேய்த்துவிடச் சொல்லும் வாடிக்கையாளர். துருவோடு பழகிக்கொள்ளலாம். மற்றவர்தான் நித்திரையைக் கெடுப்பவர். தையல் கடையிலோ கார் கராஜிலோ கவுன்சில் ஒபிசிலோ வேலை செய்து, "சும்மா ஒருக்காச் செய்துவிடுங்கோ, ஆருக்குத் தெரியப்போகுது" என்ற சொல்லைக் கேட்டு நித்திரை தொலைத்தவர்கள் உங்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் வேலை செய்யும் பட்டறை விம்பிள்டனில் இருந்து ட்ராமில் கொஞ்சத் தூரம். ஒரு டயர் கடைக்கும் ஒரு பேக்கரிக்கும் நடுவில், பெயர்ப்பலகை இல்லாத கதவு. துவக்குத் திருத்தும் இடம் என்று வெளியில் எழுதி வைப்பதில்லை, கள்ளருக்கு வழி காட்டக்கூடாது என்பதற்காக. உள்ளே நாங்கள் மூன்று பேர். முதலாளி நைஜல், அறுபது தாண்டியவர், நல்ல மனிதர், ஆனால் பெரிய மனிதர்களுக்கு முன்னால் 'முடியாது' என்ற சொல் அவருக்கு வாயில் வராது. மர வேலைக்குச் செல்வா அண்ணை. ஜெர்மனியில் பல வருடம் தச்சு வேலை செய்துவிட்டு இங்கே வந்தவர். இரும்பு வேலைக்கு நான். துவக்கு வியாபாரத்துக்கான லைசன்ஸ் நைஜலின் பெயரில் பொலிஸ் கொடுத்தது. சில வருடங்களுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். அது போனால் மூன்று பேரும் வீதியில். இதை நான் ஒரு நாளைக்கு நாலு தரம் நினைத்துக்கொள்வேன்.

நைஜலும் வாடிக்கையாளர்களும் பேசுவது இங்கிலிஷ்தான். அது என் காதுக்குள் தமிழாகவே விழுகிறது. விழுந்தபடியே எழுதுகிறேன்.

வெள்ளித்தட்டுப் பழக்கம்

இதற்கு முதல் நான் வெள்ளித்தட்டும் விளையாட்டுக் கிண்ணமும் மினுக்கும் இடத்தில் இருந்தேன். அங்கே ஒரே சட்டம், முகம் தெரிய வேண்டும். சுழலும் பஞ்சுச் சக்கரத்தில் தட்டைப் பிடித்தால் கீறல், கறை, யாரோ எப்போதோ வெட்டிய பெயர் எல்லாம் கரைந்துபோகும். மினுங்கினால் சம்பளம்.

நைஜலின் பட்டறைக்கு வந்த முதல் நாள் அவர் ஒரு பழைய இரும்புத் துண்டைத் தந்தார். அதில் ஐந்தாறு இலக்கங்கள் குத்தியிருந்தன. "இதை மெருகாக்கிக் காட்டு" என்றார். எனக்கென்ன, சக்கரத்தில் பிடித்தேன். கால் மணித்தியாலத்தில் கண்ணாடி. இலக்கங்கள் பாவித்துத் தேய்ந்த சவர்க்காரத்தில் இருக்கும் எழுத்துப்போல வழுவழுத்துக் கிடந்தன. பெருமையோடு நீட்டினேன். நைஜல் அதை யன்னலடியில் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஒவ்வொரு துவக்குக்கும் அந்த நம்பர்தான் பிறப்புச் சான்றிதழும் பாஸ்போர்ட்டும். வைத்திருப்பவரின் துவக்குப் பத்திரத்தில் அந்த நம்பர் இருக்கும், எங்கள் பதிவேட்டில் இருக்கும், பொலிசின் கொம்பியூட்டரில் இருக்கும். இரும்பில் இருப்பதும் இந்த மூன்று இடத்தில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். அழிக்கவோ, மாற்றவோ, வடிவுக்காக ஆழமாக்கவோ எங்கள் இஷ்டத்துக்கு எங்களில் யாருக்கும் உரிமை இல்லை. இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. நைஜல் துண்டை மேசையில் வைத்துவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னார்: "மிக அழகாக இருக்கிறது, ராணி. இது உண்மையான துவக்காக இருந்திருந்தால் நாங்கள் இருவரும் ஒரே நீதிமன்றத்துக்கு ஒரே பஸ்ஸில் போயிருப்போம்."

இரண்டு ரைபிள், ஒரு கம்பி

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்தது. எந்தத் துவக்கு என் மேசைக்கு வந்தாலும், எண்ணெய்த் துணி தொட முதல், நம்பருக்கு மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் உரசிப் பதிவு எடுப்பேன். வேலைச் சீட்டில் ஒட்டி, திகதி போட்டு, கையெழுத்து வைப்பேன். ஒரு படமும் எடுப்பேன். பிறகு நம்பர் இருக்கும் இடத்துக்குச் சக்கரம் கிட்டப் போகாது. தட்டையான மரக்கட்டையில் எமரித் துணி சுற்றி, கையால், நம்பரைச் சுற்றித்தான். வேலை முடிந்ததும் இன்னொரு பதிவு. வீட்டுக்குப் போக வெளிக்கிட்டவள் கதவடியில் நின்று, திரும்ப வந்து பார்த்ததும் உண்டு. காஸ் அடுப்பை நிற்பாட்டினேனா என்று பார்க்கிறவளுக்கு இது பெரிய வேலையா?

ஒருமுறை ஒரே கம்பனி, ஒரே மாதிரி இரண்டு ரைபிள்கள் வந்தன. பெரிய துண்டுகளைக் கறுப்புத் தொட்டியில், அதாவது இரும்புக்குக் கறுப்பேற்றும் மருந்துக்குள், இறக்கியபோது இரண்டினதும் குண்டறையை மூடும் போல்ட் துண்டுகள் ஒரே கம்பியில் தொங்கிவிட்டன. பூட்டும்போது செல்வா அண்ணை கைக்கு வந்ததை எடுத்துப் பூட்டிவிட்டார். இரண்டும் 'கிளிக்' என்று போய் இருந்தன. நான் சீட்டை வைத்துப் பார்த்தால் போல்ட்டில் ஒரு நம்பர், உடலில் இன்னொரு நம்பர். இரண்டு ரைபிளையும் அண்ணைக்கு முன்னால் நகர்த்தினேன். அவர் கோப்பியைக் குடித்துக்கொண்டு, "ரெண்டும் போய்ப் பொருந்தினதுதானே, தங்கச்சி?" என்றார். "பொருந்தினாப்போல? பக்கத்து வீட்டுத் திறப்பும்தான் சில நேரம் எங்கட கதவுக்குப் பொருந்தும். அதுக்காக உள்ள போய்ப் படுக்கேலுமே, அண்ணை?" என்றேன்.

இரண்டையும் திரும்பக் கழற்றிப் பூட்டினோம். இப்போது ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் கம்பி, நம்பர் போட்ட தனிச் செப்புத் தகடு. அவர் தகடுகளைப் பார்த்துத் தலையை ஆட்டிச் சொன்னது: "நான் மரக்காரன். எனக்கு எல்லா இரும்பும் ஒரே முகம்தான், நீதான் ஒவ்வொண்டுக்கும் சாதகம் எழுதி வைச்சிருக்கிறாய்."

கோணல் நம்பர்

ரெய்னர்ஸ் லேனில் இருந்து ஒரு டாக்டர் வருவார். மதுரைப் பக்கம். சனிக்கிழமைகளில் கிளப்பில் குறி பார்த்துச் சுடுவது அவருடைய பொழுதுபோக்கு. கிளப்பில் வாங்கிய பழைய ரைபிளைக் கொண்டுவந்து கறுப்பு மெருகு கேட்டார். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, ஒரு விரலால் நம்பரைத் தட்டினார். "அக்கா, இது கொஞ்சம் கோணலா இருக்கே, பார்த்தீங்களா? கடைசி ரெண்டு நம்பர் கீழ இறங்கியிருக்கு. இதை எடுத்துட்டு நேரா ஒரு தடவ அடிச்சுக் குடுத்தா நல்லா இருக்கும்."

அந்தக் காலத்தில் பக்டரியில் ஒருவர் கையில் சுத்தியல் பிடித்துக் குத்தியது. கோணலாகத்தான் இருக்கும். நான் சொன்னேன்: "டொக்டர், அதைக் கோணலாக் குத்தின ஆளுக்கு அதுக்கு உரிமை இருந்தது. எனக்கு நேராக் குத்தவும் உரிமை இல்லை. உங்களுக்குக் கேக்கவும் இல்லை. கேட்டதை நான் கேக்கேல்லை." அவருக்கு முகம் சிவந்துவிட்டது. சட்ட விரோதமாக எதையும் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர். சும்மா வடிவுக்குத்தான் கேட்டிருக்கிறார். ஆனால் இப்படி வடிவுக்குக் கேட்கிறவர்கள்தான் அதிகம். கள்ளர் எங்களிடம் வருவதில்லை.

அவர் பத்திரத்தை எடுத்து ரைபிளோடு வைத்து இலக்கம் இலக்கமாகப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இல்லக்கா, விட்டுடுங்க. ஆஸ்பத்திரில கையெழுத்து கோணலா இருக்குன்னு பேஷன்ட் பேரை நான் மாத்தி எழுதினா என்ன ஆகும்னு இப்பத்தான் தோணுது."

கோயில் வரிசை

பிள்ளையார் கோயிலில் அன்னதான வரிசையில் நிற்கும்போது ஒரு அக்கா, பல வருடமாகத் தெரிந்தவர், என்னிடம் என்ன வேலை என்று கேட்டார். நான் வழக்கமாக "மெருகு போடுற வேலை" என்று சொல்லித் தப்பிவிடுவேன். அன்றைக்கு ஏனோ உண்மை வந்துவிட்டது. அவர் முகம் மாறியது. "துவக்குக்குப் பயந்து ஓடி வந்த சனம் நாங்கள். நீ இஞ்ச வந்து அதை மினுக்கிக்கொண்டு இருக்கிறாய்" என்றார். வரிசையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

சோற்றுத் தட்டை மற்றக் கைக்கு மாற்றினேன். விடவில்லை. "ஓம் அக்கா, ஓடித்தான் வந்தனான். அங்க எங்களைக் கலைச்ச துவக்குகளில எது ஆற்றை எண்டு ஆருக்கும் தெரியாது. ஆரும் பதில் சொல்லவும் இல்லை. இஞ்ச ஒவ்வொண்டுக்கும் ஒரு நம்பர், அந்த நம்பருக்கு ஒரு ஆள், அந்த ஆளுக்கு ஒரு கையெழுத்து. அந்த நம்பர் அழியாமப் பாக்கிறதுதான் என்ர வேலை. எனக்கு இதில வெக்கம் இல்லை" என்றேன். சொல்லிவிட்டு அன்று முழுக்க, கூடக் கதைத்துவிட்டேனோ என்று யோசித்துக்கொண்டுதான் இருந்தேன்.

சாம்பார் வாளி எங்களுக்குக் கிட்ட வந்தபோது அந்த அக்கா என் கையைப் பிடித்தார்: "சரி, அதை விடு. என்ர குத்துவிளக்கு ரெண்டும் கறுத்துப்போச்சு, வாற கிழமை உன்ர இடத்தில குடுத்து எடுக்கேலுமே?"

ஹாலம் துரையின் அப்பாவின் ரைபிள்

இனித்தான் பெரிய கதை. மிஸ்டர் ஹாலம் எங்கள் பழைய வாடிக்கையாளர். நகரத்துக்கு வெளியே காணி, காடு எல்லாம் உள்ளவர். அவரும் வருவார், அவருடைய சிநேகிதர்களும் அவர் சொல்லித்தான் வருவார்கள். அவர் கோபித்தால் பட்டறையில் பாதி மேசை வெறுமையாகிவிடும் என்று நைஜலுக்குப் பயம். வாசலில் அவருடைய கார்ச் சத்தம் கேட்டாலே நாங்கள் 'துரை வருகிறார்' என்போம்.

ஒரு நாள் தன் அப்பா மான் வேட்டைக்கு வைத்திருந்த ரைபிளைக் கொண்டுவந்தார். அப்பா இறந்த பிறகு பத்திரம் இவர் பெயருக்கு மாறியிருந்தது. அதற்கு முதல் அது வருடக்கணக்காக ஈரச் சுவரோடு இருந்த அலுமாரியில் கிடந்திருக்கிறது. உடலின் இடப் பக்கம் முழுவதும் துரு, சரியாக நம்பருக்கு மேலால் ஓடியிருந்தது. மகளுக்கு இப்போதுதான் சொந்தமாகத் துவக்குப் பத்திரம் கிடைத்திருக்கிறது. இலையுதிர் காலத்தில் ஸ்கொட்லாந்துக்கு வேட்டைக்குப் போகும்போது அதை மகளுக்குக் கொடுக்க வேண்டும். நைஜல் பத்திரத்தைப் பார்த்து நம்பரைப் பதிவேட்டில் எழுதினார். பத்திரத்தைப் பார்த்துத்தான் எழுதினார். துருவுக்குள் குனிந்து பார்க்கவில்லை. கடை லைசன்ஸ் புதுப்பிக்கப் பொலிஸ் வருவதற்கு மூன்று கிழமை இருந்தது. அவருக்கு ஆயிரம் யோசனை.

துரை போகும்போது ரைபிளைத் தடவிக்கொண்டு சொன்னார்: "என் அப்பாவின் துவக்கு இது. மகள் கையில் எடுக்கும்போது இதில் ஒரு புள்ளிகூட நான் பார்க்கக்கூடாது."

ஈர்க்கு

துருவுக்கு மேலால் முதல் பென்சில் பதிவை எடுத்தேன். மேகம் மாதிரி வந்தது. கடைசி இலக்கம் மூன்று போலத் தெரிந்தது. பத்திரத்திலும் மூன்றுதான். சரி என்று ஒட்டினேன். பிறகு எண்ணெய் ஊறவிட்டு, இரண்டு நாள் கழித்து, ஈர்க்கால் மெதுவாகக் கிண்டத் தொடங்கினேன். தமிழ்க் கடையில் வாங்கிய விளக்குமாற்றில் உருவிய ஈர்க்கு. இரும்பைக் கீறாது, துருவை மட்டும் கிளப்பும். இதற்கு நைஜலிடம் ஒரு பெட்டி நிறையக் கருவி இருக்கிறது, ஆனால் எனக்கு என் ஈர்க்குத்தான் நம்பிக்கை.

கடைசி இலக்கத்தில் இடப் பக்கம் துரு கட்டியாக இருந்தது. அது அடையாகக் கழன்று வந்தபோது உள்ளே இன்னும் ஒரு வளைவு இருந்தது. மேலும் ஒன்று. மூன்று இல்லை, எட்டு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன், கண்ணைக் கழுவிவிட்டு வந்து பார்த்தேன். எட்டுத்தான். இரண்டாவது பதிவில் பொத்தான் மாதிரித் தெளிவாக விழுந்தது. எப்போதோ யாரோ ஒருவர் துரு நிறைந்த எட்டை மூன்று என்று வாசித்துப் பத்திரத்தில் எழுதியிருக்கிறார். அது அப்பாவிடமிருந்து மகனுக்கும் இப்போது எங்கள் பதிவேட்டுக்கும் வந்துவிட்டது. அதாவது பத்திரத்தில் உள்ள துவக்கு உலகத்தில் இல்லை. மேசையில் இருக்கும் துவக்குக்குப் பத்திரம் இல்லை.

இரண்டு பதிவையும் நைஜலுக்கு முன்னால் வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, திரும்பப் போட்டு, கதிரையில் இருந்துவிட்டார். கடைசியில் சொன்னது இதுதான்: "ராணி, மூன்று கிழமை பொறுத்திருந்து இதைக் கண்டுபிடித்திருக்க முடியாதா?"

யார் முதலாளி

நைஜல் பொலிசைக் கூப்பிட முதல் துரையைக் கூப்பிட்டார். அதுதான் அவர் விட்ட பிழை. துரை வந்து விஷயத்தைக் கேட்டார். கவலைப்படவே இல்லை. "எப்படியும் துருக் குழியெல்லாம் தேய்க்கத்தானே போகிறீர்கள்? அந்த இடத்தையும் சேர்த்துத் தேய்த்துவிட்டு, பத்திரத்தில் உள்ள நம்பரைப் புதிதாகக் குத்துங்கள். இரும்பும் பத்திரமும் ஒன்றாகிவிடும். ஒரே ஒரு இலக்கம்தானே? பொலிசிடம் போனால் விசாரணை, கடிதம், மாதக்கணக்கு. என் மகளின் பயணம் போய்விடும்." அவர் சொன்ன விதத்தில் அது ஒரு குற்றம் மாதிரியே இல்லை. வீட்டு வாசலில் பெயின்ட் உரிந்த இடத்தைப் பூசச் சொன்ன மாதிரி இருந்தது. நைஜல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. ஆனால் தேய்க்கிற கை என்னுடையது. "ஏலாது" என்றேன். இரண்டு பேரும் திரும்பினார்கள். "பிழை இரும்பில இல்லை, கடுதாசியில. கடுதாசியைத் திருத்துங்கோ. நான் இந்த நம்பரில கை வைக்கமாட்டன், இந்தப் பட்டறையில ஒருத்தரையும் வைக்க விடவும் மாட்டன்." துரை என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்த அம்மா எந்தப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர்?" என்று நைஜலைக் கேட்டார். "நான் எட்டாம் வகுப்போட விட்டவள், சேர். ஆனால் மூண்டையும் எட்டையும் அதுக்கு முதலே படிப்பிச்சுப்போட்டினம்" என்றேன். சொல்லிவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

துரை கோட்டை மாட்டிக்கொண்டு கதவடிக்குப் போனார். என்னைப் பார்க்கவில்லை. நைஜலிடம் மட்டும் சொன்னார்: "இங்கே யார் முதலாளி என்று நீங்கள் இரண்டு பேரும் பேசி முடிவெடுத்துவிட்டு எனக்குப் போன் பண்ணுங்கள்."

சீட்டு

மத்தியானம் நைஜல் என் மேசைக்கு வந்தார். வேறு எதையோ தேடுகிற மாதிரி நின்றார். "அந்த வேலைச் சீட்டை என் மேசையில் வைத்துவிடு, ராணி. நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். எனக்கு விளங்கியது. சீட்டில்தான் இரண்டு பதிவும் இருந்தன. சீட்டு இல்லாவிட்டால் எட்டும் இல்லை. அவர் கெட்டவர் இல்லை. லைசன்ஸ் புதுப்பிக்கும் நேரத்தில் பதிவேட்டில் பிழை என்று தானே போய்ச் சொன்னால் கடையை மூடிவிடுவார்களோ என்று பயந்த மனிதர். அந்தப் பயம் எனக்கு இல்லை என்று நினைக்காதீர்கள். இந்த வயதில், இந்தப் படிப்போடு, எனக்கு இன்னொரு வேலை யார் தருவார்? துரை போனதிலிருந்து அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் சீட்டை எடுத்து என் சோற்றுப் பெட்டிக்கு அடியில் வைத்து, அதன்மேல் கையையும் வைத்தேன். "நைஜல், இதை நீங்கள் கிழிச்சால் நான் இன்னொரு பதிவு எடுப்பன். அதையும் கிழிச்சால் திரும்ப எடுப்பன். அந்த இரும்பில நம்பர் இருக்கும் வரைக்கும் நான் எடுத்துக்கொண்டுதான் இருப்பன். வேலையால நிப்பாட்டிறதெண்டால் இப்பவே நிப்பாட்டுங்கோ. ஆனால் ஏன் நிப்பாட்டினியள் எண்டு கேக்கிற ஆக்களுக்கு நான் பொய் சொல்லமாட்டன்." நைஜல் சோற்றுப் பெட்டியைப் பார்த்தார், சீட்டுக்குக் கை நீட்டவில்லை.

அதுவரை மரத்தூளுக்குள் தலையைக் குனிந்துகொண்டு கேட்காதவர் மாதிரி நின்ற செல்வா அண்ணை, உளியைக் கீழே வைத்துவிட்டு, தன்னுடைய ஜெர்மன் கலந்த இங்கிலிஷில் சொன்னார்: "முதலாளி, இவவோட தர்க்கம் பண்ணுறதைவிடப் பொலிசோட கதைக்கிறது சுகம்."

ஒபிசர்

நைஜல் போனை எடுத்தார். இரண்டு நாளில் துவக்கு லைசன்ஸ் பகுதி ஒபிசர் வந்தார். ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், மழைக் கோட்டும் பெரிய தோள் பையும். துரையும் வந்திருந்தார், முகத்தை இறுக்கிக்கொண்டு. நான் கறுப்புத் தொட்டிக்குப் பின்னால் நின்றேன். "இந்தப் பென்சில் பதிவுகள் யார் எடுத்தது?" என்று ஒபிசர் கேட்டது காதில் விழுந்ததும் ஓடிவிட நினைத்தேன். செல்வா அண்ணை என்னைப் பிடித்து முன்னுக்குத் தள்ளிவிட்டார்.

ஒபிசர் முதல் பதிவைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார், தன்னுடைய பூதக்கண்ணாடியால் இரும்பைப் பார்த்தார். எதால் சுத்தம் செய்தேன் என்று கேட்டார். ஈர்க்கைக் காட்டினேன். அது என்ன மரம் என்று கேட்டு எழுதிக்கொண்டார். பதிவேட்டில் நைஜல் மூன்றுக்கு மேல் ஒரே கோடு போட்டு, பக்கத்தில் எட்டை எழுதி, ஏன் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வைத்தார். அழிக்கவில்லை, வெள்ளை பூசவில்லை. பிழையும் தெரிய வேண்டும், திருத்தமும் தெரிய வேண்டும் என்பது அங்கேயும் சட்டம். துரையின் பத்திரத்தைத் திருத்தித் தரும்வரை ரைபிள் நாங்கள் துவக்குகளைப் பூட்டி வைக்கும் இரும்பு அறையை விட்டு அசையக்கூடாது. "எத்தனை நாள்?" என்று துரை கேட்டார். "எடுக்கும் நாள் எடுக்கும்" என்றார் ஒபிசர். துரை என்னைப் பார்த்த பார்வையில் நான் துருப்பிடிக்காதது ஆச்சரியம்.

எல்லாம் முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன். ஒபிசர் பேனாவை மூடவில்லை. இரும்பு அறைப் பக்கம் திரும்பி, மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "துருவுக்குள் ஒரு எட்டைப் பிடித்துத் தந்ததற்கு நன்றி, இனி உள்ளே இருக்கும் மற்ற எல்லாத் துவக்கையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும், ஒரு தேநீர் கிடைக்குமா?"

விரலளவு

மூன்று தேநீர் குடித்தார். ஒவ்வொரு துவக்கையும் எடுத்து, பதிவேட்டை வைத்து, என் சீட்டுகளை வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு முறை அவர் புருவத்தைச் சுருக்கும்போதும் நான் எட்டிச் சீட்டைப் பார்த்தேன். வேறு ஒரு பிழையும் இல்லை. துரையின் திருத்திய பத்திரம் வர இலையுதிர் காலம் போய்விட்டது. மகள் ஸ்கொட்லாந்துக்கு இன்னொருவரின் துவக்கோடு போய் வந்தார். அதற்கு நான் வருந்துகிறேன். ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை.

பத்திரம் வந்த பிறகு ரைபிளை நான் முடித்தேன். மற்ற இடமெல்லாம் இரவு வானம் மாதிரிக் கறுப்பு. நம்பர் இருக்கும் இடத்தில் மட்டும், ஒரு விரல் நீளத்துக்குத் துருக் குழிகளை அப்படியே விட்டு, அதன் மேலேயே கறுப்பேற்றினேன். குழியை எடுத்தால் நம்பரும் போகும். குழி இருக்கட்டும். வேலை முடிந்த கிழமைதான், இழுபட்டுக்கொண்டிருந்த கடை லைசன்ஸும் புதுப்பித்து வந்தது. நைஜல் உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, பேக்கரிக்குப் போய் மூன்று பணிஸ் வாங்கிவந்தார். அதுதான் அவருடைய நன்றி.

துரை ரைபிளை எடுக்க வந்தார். விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது, பிறகு அந்த விரலளவு இடத்துக்கு வந்ததும் சுருங்கியது. "இது ஒரு தழும்பு மாதிரி இருக்கிறது. புள்ளிகூடக் கூடாது என்று சொன்னேனே" என்றார். நான் வாய் திறக்க முதல், வேறு இடத்தில் கொடுத்து இதை மட்டும் சுத்தமாக்கிக்கொள்கிறேன் என்றும் சொன்னார். பெரிய மனிதர்களுக்கு முன்னால் முடியாது என்று சொல்லத் தெரியாத நைஜல், பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்: "எங்கே வேண்டுமானாலும் கொடுங்கள், மிஸ்டர் ஹாலம், ஆனால் அந்த நம்பர் இப்போது எனக்கு என் மனைவியின் பிறந்தநாளைவிட நல்ல மனப்பாடம், ஒபிசருக்கும் அப்படித்தான்."

ஆகவே என்னைப் போல் பயந்து பயந்து 'ஏலாது' என்று சொல்லிவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அன்பர்களே, இனி வருகிற வாடிக்கையாளர்கள் தங்கள் துருவைத் தாராளமாக என்னிடம் கொண்டுவரட்டும், யோசனைகளை மட்டும் வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வரட்டும்.